தப்பும் கித்தாரும்

மலைநாட்டுத் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்து வளர்ந்த ஓர் இளைஞன் ஜாஸ் இசையிலே நாட்டங்கொண்டு, "எந்தக் கித்தாரை வாங்கலாம்? எந்த ஒலிபெருக்கியை அதனோடு இணைக்கலாம்?" என்று நம்மைக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். நாம் என்ன விடை கூறுவோம்?

"கஞ்சிக்கு வழியில்லாதவனுக்குக் கித்தார் எதற்கு?" என்று சிலர் சிரிக்கக்கூடும். முற்போக்குப் பேசுவோரிடையேயும் இப்படிச் சிரிப்போர் உண்டு. உழைப்பவனுக்குக் கூலியும் கூரையும் போதும், இன்னிசை மேட்டுக்குடியின் சொத்து என்று இவர்கள் தம்மையறியாமலே ஒப்புக்கொள்கிறார்கள். வேறு சிலரோ, "நமது தப்பும் உறுமியும் இருக்க அந்நிய வாத்தியம் ஏன்?" என்று சினங்கொள்வர். இவ்விரு சாராருக்கும் உரிய விடை சரித்திரத்திலே இருக்கிறது. கித்தாருக்கு மின்சாரம் ஏன் தேவைப்பட்டது, அந்த மின்சாரம் மலைநாட்டில் யாருக்குக் கிடைத்தது, மலைநாட்டு மக்களின் ஒலி யாருடைய ஏவலுக்குப் பயன்பட்டது என்பவற்றை அறிந்துகொண்ட பின்னரே அந்த இளைஞனுக்கு நேர்மையான விடை சொல்ல முடியும்.

பெரட்டுத் தப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியக் கிராமங்களிலே ஆள் திரட்டப்பட்டது. மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டு வழியே கால்நடையாக மலையேறினர். வழியிலே காலராவுக்கும் காய்ச்சலுக்கும் இரையானோர் பலர். 1867-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்ற துரை லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். இலைநோயால் கோப்பி அழிந்ததும் அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதிகளின் மலைகளெல்லாம் தேயிலையாயின. இந்த மக்கள் தம்மோடு கொண்டுவந்த உடைமைகள் மிகச் சில. அவற்றுள் ஒன்று தப்பு.

மரத்தாலான வளையத்தின்மீது தோலை இழுத்துக் கட்டிய எளிய கருவி அது. ஒரு கையில் மெல்லிய நீண்ட குச்சி, மறு கையில் தடித்த குறுங்குச்சி. தீயிலே காய்ச்சினால்தான் தோல் முறுகும். முறுகினால்தான் நாதம் எழும். சமவெளியின் வெயிலிலே பிறந்த இந்தக் கருவிக்கு நுவரெலியாவின் பனியும் ஓயாத மழையும் பகையாயின. கொஞ்ச நேரம் அடித்ததும் தோல் தளரும். மறுபடியும் சருகையும் மிலாறையும் மூட்டி அதைக் காய்ச்சவேண்டும். அப்படிக் காய்ச்சிக் காய்ச்சியே காமன் கூத்துக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் சாவு வீட்டுக்கும் தப்பு முழங்கிவந்தது.

அதே தப்பைத் தோட்ட நிருவாகமும் பயன்படுத்திக்கொண்டது. பொழுது புலருமுன் தப்பு அடித்தோ கொம்பு ஊதியோ லயத்து மக்களை எழுப்பி, பெரட்டுக் களத்திற்கு வரவழைத்து, ஆள் கணக்கெடுத்து மலைக்கு அனுப்பினர். சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் இயற்றி 1954-இல் வெளியிட்ட நெடுங்கவிதை இந்த விடிகாலை முழக்கத்திலிருந்தே தொடங்குகிறது. கூத்திலே ஆடவைத்த அதே ஒலி, விடியலிலே கைக்குழந்தைக்காரியைப் படுக்கையிலிருந்து துரத்தியது. தோட்டத்திலே மிக உரக்கக் கேட்ட ஒலி தொழிலாளியின் வாத்தியத்தின் ஒலிதான். ஆனால் அது பேசியது துரையின் கட்டளையை.

இன்னொரு கொடுமையையும் இங்கே மறைப்பதற்கில்லை. அந்தத் தப்பை அடித்த கைகளைச் சாதியின் பெயரால் தோட்டத்து மக்களே ஒதுக்கிவைத்தனர். திருவிழாவுக்குத் தப்பு வேண்டும்; தப்படிப்பவனோ கோயிலுக்கு வெளியே நிற்கவேண்டும். துரை செய்த அநீதியைப் பேசும் நாம் நம்மவர் செய்த அநீதியைப் பேசாதிருந்தால் அது நேர்மையாகாது.

பறிக்கப்பட்ட முரசு

இனி, ஜாஸ் பிறந்த நாட்டுக்குச் செல்வோம். அங்கும் கதை தோட்டத்திலிருந்தும் முரசிலிருந்தும்தான் தொடங்குகிறது.

1739-ஆம் ஆண்டில் தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றங்கரையில் ஆப்பிரிக்க அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். முரசு கொட்டி மற்றவர்களையும் அணிசேர்த்தனர். கிளர்ச்சி நசுக்கப்பட்டது. மறு ஆண்டு, 1740-இல், அடிமைகள் முரசு வைத்திருப்பதைத் தடைசெய்து சட்டம் இயற்றப்பட்டது. மலைநாட்டுத் துரை முரசைத் தன் வேலைக்கு அமர்த்திக்கொண்டான். கரோலினா எசமானன் முரசைக் கண்டு அஞ்சிப் பறித்தான். உழைப்பவனின் ஒலி உழைப்பவனுக்குச் சொந்தமாக இருக்கலாகாது என்பதிலே இருவரும் ஒரே கருத்தினர்.

முரசை இழந்தவர்கள் கைக்குக் கிடைத்ததையெல்லாம் முரசாக்கினர். கை தட்டினர், கால் தட்டினர், பான்ஜோவின் நரம்பிலே தாளத்தைப் புகுத்தினர். நியூ ஓர்லியன்ஸ் நகரத்துக் காங்கோ சதுக்கத்தில் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் முரசு கொட்டி ஆட இடமிருந்தது. அந்த நகரத்திலேயே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாஸ் உருப்பெற்றது என்பது கருதத்தக்கது.

ஜாஸ் குழுக்களில் கித்தாருக்குக் கிடைத்த இடம் மிகத் தாழ்ந்த இடம். டிரம்பெட், டிராம்போன், சாக்சபோன் என்று பத்துப் பன்னிரண்டு ஊதுகருவிகள் ஒருங்கே முழங்கும்போது, விரலால் மீட்டும் நரம்பின் ஒலி யாருக்குக் கேட்கும்? கவுண்ட் பேசியின் குழுவிலே 1937 முதல் 1987-இல் தாம் மறையும் வரை கித்தார் வாசித்த பிரெடி கிரீன் ஒலிபெருக்கியை நாடாமலே இருந்தார். மாத்திரைக்கு ஒரு மீட்டாக, நான்கு மாத்திரைக்கு நான்கு மீட்டாக, ஐம்பது ஆண்டுகள். அவருடைய கித்தாரைத் தனியே கேட்டவர் சிலர். ஆனால் அவர் இல்லையேல் அந்தக் குழுவின் தாளம் நடவாது என்பதை உடன் வாசித்தவர் யாவரும் அறிந்திருந்தனர். தேயிலைக் கோப்பையிலே கொழுந்து கிள்ளிய கை தெரிவதில்லை என்பதை நாமும் அறிவோம்.

இந்த நிலையை மாற்றியது மின்சாரம். கித்தாரின் எஃகுக் கம்பிகளுக்குக் கீழே, கம்பிச் சுருள் சுற்றிய காந்தத்தை வைத்தனர். கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. சுருளிலே சிறு மின்னோட்டம் எழுகிறது. அதைப் பெருக்கி ஒலிவாங்கியில்லாமலே ஒலியாக்கலாம். கிப்சன் நிறுவனம் 1936-இல் இ.எஸ்.150 என்ற மின்சாரக் கித்தாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கித்தாரும் ஒலிபெருக்கியும் சேர்ந்து ஏறக்குறைய 150 டாலர் என்பதே அந்த எண்ணின் பொருள் என்பர்.

இந்தக் கருவியை ஏந்தி 1939-இல் பென்னி குட்மனின் குழுவில் சேர்ந்தார் சார்லி கிறிஸ்டியன் என்ற கறுப்பின இளைஞர். 1916-இல் டெக்சாஸிலே பிறந்து ஒக்லஹோமா நகரத்து ஏழைக் குடியிருப்பிலே வளர்ந்தவர் அவர். சாக்சபோன் பாடுவதுபோல ஒற்றை ஒற்றைச் சுரமாகக் கித்தாரைப் பாடவைத்தார். ஊதுகருவிகளுக்கு நிகராக, அரங்கின் கடைசி வரிசைவரை அது கேட்டது. கித்தார்க்காரர்கள் விழித்தெழுந்து மின்சாரத்தைக் கைக்கொள்ள வேண்டும் என்று அவ்வாண்டின் இறுதியில் 'டவுன் பீட்' இதழில் அவர் பெயரால் வெளிவந்த கட்டுரை வற்புறுத்தியது. 1942-இல், இருபத்தைந்தே வயதில், காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று. அதற்குள் கித்தாரின் தலைவிதி மாறிவிட்டது.

ஆகவே, ஒலிபெருக்கியை ஆடம்பரப் பொருளென்று தள்ளிவிட முடியாது. பின்வரிசையில் அமர்த்தப்பட்டவன் முன்வரிசைக்கு வந்து பேசுவதற்கு வேண்டியிருந்த கருவி அது.

மலையின் நீரும் லயத்தின் இருளும்

அமெரிக்கக் கித்தார்க்காரன் சுவரிலிருந்த மின்செருகியை நம்பிப் பேசத் தொடங்கினான். மலைநாட்டிலே அந்தச் செருகி எங்கே இருந்தது?

விந்தை என்னவெனில், இலங்கையில் நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கும் முயற்சிக்கு மலைநாடே தாயகம். டி. ஜே. விமலசுரேந்திர என்ற சிங்களப் பொறியியலாளர் 1912-இல் நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளாக்பூல் என்னுமிடத்தில் சிறு நீர்மின் நிலையமொன்றை அமைத்து, நுவரெலியா நகருக்கு ஒளி தந்தார். மலைநாட்டு ஆறுகளைக் கொண்டு நாடு முழுவதற்கும் மின்சாரம் தரலாம் என்று 1918-இல் பொறியியலாளர் சங்கத்தின் முன் அவர் கட்டுரை படித்தார். அந்தக் கனவு லக்சபான மின் நிலையமாக நிறைவேற 1950-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பின்னர் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் எழுந்தன. மவுசாக்கலையின் நீருக்குள் பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கிற்று.

மலை நீர் சுழற்றிய சக்கரம் கொழும்பின் வீதிகளுக்கு ஒளியூட்டிற்று. தேயிலைத் தொழிற்சாலையின் உருளைகள் இயந்திர வலிமையால் சுழன்றன. துரையின் பங்களாவிலே விளக்கெரிந்தது. அந்த மலைகளிலேயே வாழ்ந்த தொழிலாளியின் லயத்திலோ நெடுங்காலம் மண்ணெண்ணெய்க் குப்பி லாம்புதான் புகைந்தது. நுவரெலியாவில் 1876-இல் தோன்றிய ஹில் கிளப் போன்ற மன்றங்களில் துரைமார் மேலை நடனம் ஆடினர். மன்றத்தின் கதவும் மின்சாரமும் மேலை இசையும் ஒரே கைக்குள் இருந்தன.

1958-இல் டேவ் புருபெக்கின் குழுவும், 1963-இல் டியூக் எலிங்டனின் குழுவும் அமெரிக்க அரசின் செலவில் ஆசிய நாடுகளைச் சுற்றி வந்தபோது இலங்கைக்கும் வந்தன. கறுப்பின மக்கள் சொந்த நாட்டில் வாக்குக்கும் பள்ளிக்கும் போராடிக்கொண்டிருந்த காலத்தில், அவர்களுடைய இசையை அந்த நாடு தன் பெருமைக்குச் சான்றாக ஊர் ஊராக அனுப்பிற்று. பெரட்டுத் தப்பை நினைவுபடுத்தும் செயல் இது. கலைஞனின் ஒலி ஒன்று, அதை ஏவியவனின் நோக்கம் வேறொன்று. ஆயினும் அந்தக் கலைஞர்கள் தமது இசையை விற்றுவிடவில்லை என்பதையும் நாம் நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

மின்சாரமில்லாத ஒலிபெருக்கி

லயம் இருண்டு கிடந்தது என்பதால் அது ஊமையாக இருந்தது என்று பொருளல்ல. கோ. நடேசய்யர் அட்டனை நிலைக்களனாகக் கொண்டு 1931-இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தோற்றுவித்த காலத்தில், அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் பாட்டையே தம் ஆயுதமாகக் கொண்டார். அந்நியர் நுழையலாகாது என்று துரைமார் காவல் வைத்திருந்த தோட்டங்களின் மக்களைத் தம் குரலால் ஒன்றுகூட்டினார். பாரதி பாட்டையும் தாமே கட்டிய பாட்டையும் அவர் பாடினார். நெஞ்சிலிருந்து எழுந்த அந்தக் குரலுக்கு அதிகாரிகள் அஞ்சினர்.

அரசியலிலும் அந்தக் குரல் ஒரு கணம் ஓங்கிற்று. 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதி சி. வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பிற்று. மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோயிற்று. கரோலினாவில் முரசைப் பறித்தார்கள். இங்கே வாக்கைப் பறித்தார்கள். 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் மக்களை இந்தியாவின் கணக்கிலும் மூன்று இலட்சம் மக்களை இலங்கையின் கணக்கிலும் எழுதிற்று. எஞ்சியோரின் சிக்கல் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரை நீண்டது.

கடலுக்கு அப்பாலும் இதே தேயிலை, இதே தமிழ்த் தொழிலாளர். கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் 1958-இல் நடந்த இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாவலர் வரதராசன் மூணாறுத் தோட்டங்களிலே பாடினார். மக்கள் அறிந்த மெட்டிலே மக்களின் அரசியலைப் பாடினார். பாவலரின் மேடைகளிலே ஆர்மோனியத்தோடு வளர்ந்த இளைய தம்பி பின்னாளில் சென்னையிலே மேலையிசை கற்றார், கித்தார் பயின்றார், 1976-இல் 'அன்னக்கிளி' வழியாகத் தமிழ்நாட்டு வயல்வெளியின் மெட்டையும் மேலைக் கித்தாரையும் ஒரே பாட்டில் அமரவைத்தார். இளையராஜா என்ற அந்தப் பெயரை அறியாத லயம் இன்று இல்லை. "அந்நிய வாத்தியம் ஏன்?" என்று சினந்தவர்களுக்கு இதுவே நமது விடை. வாத்தியத்துக்கு ஊர் உண்டு. ஆனால் அது யார் கையிலே இருக்கிறதோ, அவருடைய ஊரையும் அது கற்றுக்கொள்கிறது.

எதை வாங்குவது?

இனி, நம் இளைஞனின் கேள்விக்கு வருவோம். ஜாஸ் இசைக்கு வேண்டிய நாதம் உருண்டு திரண்ட மென்மையான நாதம். உள்ளீடற்ற உடலுடைய கித்தார், கழுத்தின் அருகே அமைந்த காந்தச் சுருள், தடித்த தட்டைச் சுற்றுக் கம்பி ஆகியவை அதற்கு உகந்தவை. முழுமரத்தைக் குடைந்து செதுக்கிய விலையுயர்ந்த கித்தார்கள் மனத்தை மயக்கும். ஆனால் நுவரெலியாவின் ஈரக்காற்றில் முழுமரம் ஊதும், வளையும். ஒட்டுப்பலகையால் ஆனது அவ்வளவு எளிதில் வளையாது, விலையும் குறைவு. கிப்சன் நிறுவனம் 1949-இல் வெளியிட்ட இ.எஸ்.175 இத்தகைய ஒட்டுப்பலகைக் கித்தாரே. ஜாஸ் மேதைகள் பலர் அதை விரும்பி ஏற்றனர். ஒலிபெருக்கியின் ஒலி மீண்டும் கித்தாரின் வயிற்றுக்குள் புகுந்து ஊளையிடும் தொல்லையும் ஒட்டுப்பலகையில் குறைவு.

அதுவும் கிட்டாவிட்டால், திண்மரக் கித்தாராயினும் சரி. ஜோ பாஸ் என்ற பெருங்கலைஞர் போதைப் பழக்கத்திலிருந்து மீளும் இல்லமொன்றில் இருந்தபோது அவருக்கென்று ஒரு கித்தார்கூட இல்லை. அங்கிருந்த திண்மரக் கித்தாரைக் கொண்டே 1962-இல் வெளிவந்த இசைத்தட்டிலே வாசித்தார். உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் கைக்கு இ.எஸ்.175 வந்தது அதன் பின்னர்தான், அதுவும் ஓர் இரசிகரின் அன்பளிப்பாக. கங்காணியின் பற்றேட்டிலே பாட்டன் சுமந்த கடனை இசைக்கருவிக் கடையின் தவணைச் சீட்டிலே பேரன் சுமக்க வேண்டாம்.

ஒலிபெருக்கியில் மூன்றைக் கவனிக்க வேண்டும். முதலாவது, ஒலி கரகரக்காமல் தெளிவாக இருக்கவேண்டும். வெற்றிடக் குழாய் அமைந்தவை இனிமையானவை. ஆயினும் கனமானவை, குலுங்கினால் குழாய் பழுதாகும். தோட்டத்துக் குண்டுங்குழியுமான பாதைக்கு டிரான்சிஸ்டர் ஒலிபெருக்கியே தோழன். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1975-இல் வெளியிட்ட ஜாஸ் கோரஸ் 120 இவ்வகையில் புகழ்பெற்றது. 120 வாட்டும் இரண்டு பன்னிரண்டு அங்குல ஒலிக்கூம்பும் கொண்ட அதை லயத்துப் படிகளிலே தூக்கி ஏற இரண்டு ஆள் வேண்டும். ஒருவனுடைய பயிற்சிக்குப் பத்து, பதினைந்து வாட் போதும். இரண்டாவது, அமெரிக்காவிலிருந்து வந்த பழைய கருவி 120 வோல்ட்டுக்கு உரியது. நம் நாட்டின் 230 வோல்ட்டிலே மின்மாற்றியின்றிச் செருகினால் கருகிவிடும். மூன்றாவது, பல லயங்களின் மின்கம்பிகள் பழமையானவை. எர்த் இணைப்புச் சரியாக இருக்கிறதா என்று தெரிந்தவரைக் கொண்டு பார்த்த பின்னரே எஃகுக் கம்பியிலே கைவைக்க வேண்டும். கித்தாரை ஒருநாள் பொறுத்தும் வாங்கலாம், உயிரை வாங்கமுடியாது.

"லயத்திலே ஒரே சுவர், அடுத்த காம்பராவில் கொழுந்து பறித்துக் களைத்தவர்கள் உறங்குகிறார்கள், நான் எப்போது பயில்வது?" என்று அவன் கேட்கலாம். இதற்கும் சரித்திரத்திலே விடை உண்டு. இண்டியானாபோலிஸ் நகரத்து வெஸ் மொன்ட்கொமரி பெரிய குடும்பத்தைக் காப்பாற்றுவதற்காகப் பகலெல்லாம் தொழிற்சாலையில் உழைத்தார். இரவிலே கித்தார் பயின்றார். அயலவர்கள் சத்தம் பொறுக்காமல் முறையிட்டனர். மீட்டுவில்லையை வைத்துவிட்டுப் பெருவிரலால் மெல்ல மீட்டத் தொடங்கினார். அயலவரின் உறக்கத்தை மதித்த அந்தப் பெருவிரலிலிருந்து பிறந்த நாதத்தை 1960-களில் உலகமே போற்றிற்று. ஏழையின் ஒற்றைச் சுவர் அவருக்கு ஒரு பாணியையே அளித்தது.

தப்பே அளவுகோல்

மேடைக்கு வேண்டிய பெரிய ஒலிபெருக்கியைத் தனியொருவன் வாங்க வேண்டியதில்லை. தோட்டத்து இளைஞர்கள் சேர்ந்து பொதுவிலே வாங்கலாம். நூல்நிலையத்துப் புத்தகம்போல முறைவைத்துப் பயன்படுத்தலாம். அதை வாங்கப் போகும்போது ஒரு காரியம் செய்யுமாறு நாம் வேண்டுகிறோம். தோட்டத்திலே தப்பு அடிக்கும் பெரியவரையும் அழைத்துச் செல்லுங்கள். காய்ச்சிய தப்பை அவர் முழுக்கட்டும். அதன் பக்கத்திலே கித்தாரை மீட்டிப் பாருங்கள். தப்பின் முழக்கத்திலே கித்தார் அமுங்கிப்போகாமலும், கித்தாரின் இரைச்சலிலே தப்பு மறைந்துபோகாமலும் எந்த ஒலிபெருக்கி ஒலிக்கிறதோ, அதுவே உங்களுக்கு ஏற்ற ஒலிபெருக்கி.

இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. தப்பை அவமானச் சின்னமென்று பரணிலே எறிந்துவிட்டுக் கித்தாரை எடுப்பவன் ஜாஸின் சரித்திரத்தை அறியாதவன். பறிக்கப்பட்ட முரசை மீட்டெடுத்தவர்கள் படைத்த இசை அது. துரையின் பெரட்டுக்கும் சாதியின் ஏவலுக்கும் அடித்த தப்பு, அடிப்பவனின் விருப்பத்துக்காக, அவன் பெயரைச் சொல்லி, மேடையின் முன்வரிசையிலே முழங்கவேண்டும். அதன் அருகே கித்தார் நிற்கட்டும். பெரியவருக்கு முதலில் ஒரு நாற்காலி போடுங்கள். பிறகு மின்செருகியைச் செருகுங்கள்.